யவனர் நாடு எங்கே?

(படிப்பகம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



யவனர் என்ற சொல் தமிழ் கற்ற எவருக்கும் புதிதன்று. மேற்குக் கடலைக் கடந்து வந்து, பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிச் சென்ற அந்த வணிகரைப் பற்றிச் சங்கப் புலவர்கள் பாடியிருக்கின்றனர். அவர்கள் கொணர்ந்த மதுவும், அவர்கள் செய்த பாவை விளக்கும் நம் பழம்பாடல்களிலே இடம் பெற்றுள்ளன. முசிறித் துறைமுகத்து வணிகத்திற்காகக் கடன் பெற்றதைக் குறிக்கும் ஒப்பந்தம் ஒன்று, கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கி.பி. இரண்டாம் நூற்றாண்டுப் பாப்பிரசுத் தாளாக, இன்றும் வியன்னா நகரில் பாதுகாக்கப்படுகிறது.

யவனர் யார்? கிரேக்கர் என்போம். பின்னாளில் உரோமரையும் மேற்கிலிருந்து வந்த பிறரையும் அச்சொல் குறித்தது எனினும், முதற்பொருள் அதுவே. அவர்களுடைய நாடு எது? கிரீஸ் என்போம். இங்கேதான் நாம் சற்று நின்று நிதானித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

யவனர் என்பது 'அயோனியர்' என்ற சொல்லின் திரிபு. பாரசீகர் அவர்களை 'யௌனர்' என்றனர். அச்சொல்லே கிழக்கு நோக்கி நடந்து நடந்து, நம்மிடம் யவனர் ஆயிற்று. அயோனியா என்பது ஏஜியன் கடலின் கீழைக்கரை. சின்ன ஆசியாவின் மேற்கோரம். பன்னிரண்டு நகரங்கள் அங்கே கூட்டாக வாழ்ந்தன. உலகம் எதனால் ஆனது என்று, தெய்வத்தின் பெயரைச் சொல்லித் தப்பித்துக் கொள்ளாமல், அறிவைக் கொண்டு ஆராய்ந்த தேலிஸ், அந்தப் பன்னிரண்டில் ஒன்றாகிய மிலீட்டசைச் சேர்ந்தவர். மாறாதது எதுவுமில்லை என்று கண்ட ஹெராக்ளிட்டஸ், எபேசு நகரத்தவர். அந்தப் பன்னிரண்டிலே கியோஸ், சாமோஸ் எனும் இரு தீவுகள் மட்டுமே இன்று கிரேக்க நாட்டில் உள்ளன. மற்றப் பத்தும் இருந்த இடம் இன்று துருக்கி!

யவனர் என்ற பெயரைத் தந்த மண்ணிலே இன்று யவனர் இல்லை. ஏன் இல்லை? எவர் செய்த செயலால் இல்லாமற் போயினர்? நாடு என்பது மண்ணா, மக்களா, மங்காப் புகழ் என்று பேசப்படும் பழங்கதையா? இக்கேள்விகளுக்கு விடை தேடியே உங்களைக் கிரேக்க நாட்டுக்கு அழைத்துச் செல்கிறேன்.

மலை பிரித்தது, கடல் இணைத்தது

இன்றைய கிரேக்க நாட்டின் பரப்பு ஏறத்தாழ 1,32,000 சதுரக் கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பும் கிட்டத்தட்ட அவ்வளவே. ஆனால் 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்வோர் ஒரு கோடியே ஐந்து இலட்சத்திற்குச் சற்றுக் குறைவு. காரணம் விளங்க வேண்டுமானால் நிலத்தைப் பாருங்கள். நாட்டின் பெரும்பகுதி மலை. வடமேற்கிலிருந்து தெற்கு நோக்கிப் பிண்டஸ் மலைத்தொடர் முதுகெலும்பு போல் நீண்டு கிடக்கிறது. 2,917 மீட்டர் உயரமுள்ள ஒலிம்பஸ், கடலோரத்திலேயே எழுந்து நிற்கிறது. தெசாலி, மாசிடோனியா போன்ற சில சமவெளிகளை விட்டால், உழுது பிழைக்க ஏற்ற நிலம் குறைவு. ஒலிவமும் திராட்சையும் விளையும். பசியாற்றும் கோதுமை போதிய அளவு விளையாது.

மலைக்கு இப்பால் ஒரு பள்ளத்தாக்கு, அப்பால் இன்னொன்று. ஒவ்வொன்றும் தனித்தனி ஊர். ஒவ்வோர் ஊரும் தனித்தனி அரசு. ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, தீப்ஸ், கொரிந்து என்று நாமறிந்தவை சில. கிரேக்க உலகம் முழுவதும் இத்தகைய நகர அரசுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டு இருந்தன. ஒரே மொழி, ஒரே தெய்வங்கள், நான்காண்டுக்கு ஒரு முறை ஒலிம்பியாவில் ஒரே விளையாட்டு விழா. ஆனால் ஒரே அரசு மட்டும் இல்லை!

நிலம் கைவிட்டபோது கடல் கைகொடுத்தது. நீர்முனைகள் நிலத்துக்குள் நுழைந்து நுழைந்து செல்லும் நாடு அது. தீவுகளும் திட்டுகளுமாக ஏறத்தாழ 6,000. அவற்றிலே மக்கள் வாழ்பவை இருநூற்றுச் சொச்சம். ஒரு தீவிலிருந்து அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். அதைப் பிடித்து, அதற்கடுத்ததைப் பிடித்து, கி.மு. எட்டாம் நூற்றாண்டு முதல் கூட்டங் கூட்டமாகக் குடியேறினர். இன்று பிரான்சில் உள்ள மார்சேய், இத்தாலியில் உள்ள நேப்பிள்ஸ், சிசிலியில் உள்ள சிரக்கூஸ், பின்னாளில் கான்ஸ்டாண்டிநோப்பிள் ஆகி இன்று இஸ்தான்புல் எனப்படும் பைசாந்தியம் ஆகிய யாவும் கிரேக்கர் கால்கொண்ட ஊர்களே. சோறு தேடிச் சென்ற மக்கள், சென்ற இடத்தையெல்லாம் ஊராக்கினர். அவர்களுக்குத் தாயகம் என்பது ஒரு நிலப்பரப்பாக இல்லை. ஒரு கடலின் கரைகளாக இருந்தது.

உரிமைக் கொடியும் அடிமைச் சங்கிலியும்

கடன் கொடுத்தவன், கடன்பட்ட குடிமகனின் உடலையே உரிமையாக்கிக் கொள்ளும் கொடுமை ஏதென்சில் இருந்தது. கி.மு. 594 இல் சோலோன் அதனை ஒழித்தார். கி.மு. 508 இல் கிளைஸ்தனிஸ் குலவழிப் பிரிவுகளின் பிடியைத் தளர்த்தி, வாழும் ஊரை அடிப்படையாக்கி மக்களாட்சிக்குக் கால்கோள் இட்டார். பிறந்த குலத்தைக் கேட்காதே, வாழும் ஊரைக் கேள் என்ற அந்த ஏற்பாடு எத்துணைப் பெரிய புரட்சி என்பதை, குலத்தின் பெயரால் குனிய வைக்கப்பட்டோர் நிறைந்த நம் நாட்டினருக்கு விளக்கவும் வேண்டுமா?

பாரசீகப் பேரரசு படையெடுத்து வந்தது. கி.மு. 490 இல் மராத்தான். 480 இல் சாலமிஸ். சாலமிஸ் கடற்போரிலே துடுப்பு வலித்தவர் செல்வர் அல்லர். நிலமற்ற ஏழைக் குடிமக்கள். நாட்டைக் காத்தவன் நான், நாட்டை ஆளும் மன்றத்தில் எனக்குப் பங்கில்லையா என்று கேட்கும் வலிமை அவர்களுக்கு வந்தது. மக்களாட்சி வேரூன்றிய வரலாறு இது.

ஆனால், தோழர்களே, ஒரு நாணயத்தின் ஒரு முகத்தை மட்டும் காட்டிவிட்டுப் போவது நமக்கு வழக்கமில்லை. அந்தக் கப்பல்களைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? ஏதென்சுக்குத் தெற்கேயுள்ள லாரியன் வெள்ளிச் சுரங்கத்திலிருந்து! வெள்ளியைத் தோண்டியவர் யார்? அடிமைகள்! உரிமைப் போருக்கான செலவை, உரிமையற்றோர் இருட்டறையிலே தோண்டி எடுத்துத் தந்தனர். வென்ற பின்னர் அவர்களுக்கு வாக்குரிமை உண்டா? இல்லை. பெண்களுக்கு உண்டா? இல்லை. பல்லாண்டு வாழ்ந்து வரி கட்டிய வெளியூராருக்கு உண்டா? அதுவும் இல்லை. மன்றத்திலே கூடியவர் குடியுரிமை பெற்ற ஆண்கள் மட்டுமே.

வெளியுலகிலும் அவ்வாறே. பாரசீகரைத் தடுக்க என்று கி.மு. 478 இல் அமைந்த டீலோஸ் கூட்டணி, சமமானவர்களின் கூட்டணியாகத்தான் தொடங்கிற்று. 454 இல் அதன் கருவூலம் டீலோஸ் தீவிலிருந்து ஏதென்சுக்கு மாற்றப்பட்டது. தோழமை நகரங்கள் திறை கட்டும் நகரங்கள் ஆயின. எப்பக்கமும் சேராதிருக்க விரும்பிய மீலோஸ் எனும் சிறு தீவை, 416 இல் ஏதென்சின் படை முற்றுகையிட்டது. ஊர் பணிந்தது, ஆடவரைக் கொன்றனர், பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றனர். உள்ளூரில் மக்களாட்சி, வெளியூரில் வல்லாட்சி! கூட்டாளி என்று அழைத்துக் கப்பம் கேட்கும் தலைநகரங்கள் எக்காலத்திலும் உண்டு என்பதற்கு இதனினும் பழைய சான்று வேண்டுமோ?

முடிவு என்ன? ஸ்பார்ட்டாவுடன் கி.மு. 431 முதல் போர். கருங்கடலிலிருந்து வரும் கோதுமையே ஏதென்சின் உயிர் என்பதைப் பகைவர் அறிவர். 405 இல் அந்த நீர்வழியில் ஏதென்சின் கப்பற்படை அழிக்கப்பட்டது. வழி அடைபட்டது, வயிறு காய்ந்தது, 404 இல் ஏதென்ஸ் சரணடைந்தது. ஒருவரையொருவர் தின்று தீர்த்த நகர அரசுகளை, வடக்கிலிருந்து வந்த மாசிடோனியப் பிலிப் 338 இல் கைரோனியாவில் வென்றார். 146 இல் உரோமர் கொரிந்து நகரை அழித்தனர். மலை பிரித்ததை மனிதர் இணைத்திருக்கலாம், இணைக்கவில்லை.

பெயர் மாறிய மக்கள்

இவர்களைக் 'கிரீக்' என்று மேற்குலகம் அழைப்பது உரோமர் வைத்த பெயர் வழி. அவர்கள் தம் நாட்டுக்கு வைத்துக் கொண்ட பெயர் ஹெல்லாஸ். ஆனால் நடுவே ஓராயிரம் ஆண்டுக்கு மேல் அப்பெயரையும் பெரும்பாலோர் தமக்குச் சூட்டிக் கொள்ளவில்லை. கி.பி. 330 இல் கான்ஸ்டாண்டிநோப்பிள் தலைநகரானது. அதனை மையமாகக் கொண்ட பேரரசின் மக்கள், கிரேக்கம் பேசிக்கொண்டே, தம்மை 'உரோமர்' என்றனர். 1453 இல் அந்நகர் உதுமானியத் துருக்கியர் வசமாயிற்று. அதன் பின்னரும், சமயத்தால் வகுக்கப்பட்ட 'உரோமர் குலம்' என்ற பெயரிலேயே வாழ்ந்தனர். நாட்டின் பெயர் மாறிற்று, மன்னர் மாறினர், சமயம் மாறிற்று. மாறாமல் நின்றது எது? மொழி! 1952 இல் மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர், கிரீட் தீவிலும் மைசீனியிலும் கிடைத்த களிமண் பலகைகளின் எழுத்தைப் படித்துக் காட்டினார். அது கிரேக்க மொழியே எனத் தெரிந்தது. மூவாயிரத்து முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துச் சான்று!

1821 இல் விடுதலைப் போர் மூண்டது. 1827 இல் நவரினோ விரிகுடாவில் பிரிட்டன், பிரான்ஸ், இரஷ்யா ஆகியவற்றின் கப்பல்கள் உதுமானியக் கடற்படையை அழித்தன. 1830 இல் விடுதலை ஏற்கப்பட்டது. ஆனால் உதவிக்கு வந்தோர் சும்மா போவரோ? 1832 இல் பவேரியாவிலிருந்து பதினேழு வயது இளவரசன் ஒட்டோவைக் கொணர்ந்து அரியணையில் அமர்த்தினர். விடுதலை பெற்ற நாட்டுக்கு வெளிநாட்டு மன்னன்! ஏதென்ஸ் மக்களும் படையினரும் 1843 செப்டம்பரில் அரண்மனை முன் திரண்டு அரசியல் சட்டம் கேட்டனர். மன்னன் இணங்கினான். அந்த இடத்தின் பெயர் இன்றும் 'அரசியல் சட்டச் சதுக்கம்'.

பெருங்கனவின் விலை

புதிய அரசு சிறியது. கிரேக்கரில் மூன்றில் ஒரு பங்கினர்கூட அதன் எல்லைக்குள் இல்லை. 1844 இல் கொலெட்டிஸ் என்ற தலைவர், இந்த அரசு கிரேக்கம் முழுவதுமன்று, அதன் சிறியதும் ஏழையுமான ஒரு பகுதியே என்று பேசினார். 'பெருங்கருத்து' எனும் கனவு அன்று பெயர் பெற்றது. கான்ஸ்டாண்டிநோப்பிளை மீட்போம், இரு கண்டங்களில் பரவுவோம் என்பது அதன் சாரம். 1864 இல் அயோனியத் தீவுகள், 1881 இல் தெசாலி, 1912-13 பால்கன் போர்களில் தெசலோனிக்கி, எபிரஸ், கிரீட் என எல்லை விரிந்தது. விரிய விரிய வெறியும் வளர்ந்தது.

1919 மே மாதம், வல்லரசுகளின் ஒப்புதலோடு கிரேக்கப் படை ஸ்மிர்னாவில் இறங்கியது. அயோனியா! யவனர் மண்! பெற்ற மண்ணை மீட்கிறோம் என்று மேடைகள் முழங்கின. 1920 நவம்பர் தேர்தலில் வெனிசெலோஸ் தோற்றார். போரில் களைத்த மக்களிடம் அமைதி பேசி வென்றவர்கள், ஆட்சிக்கு வந்ததும் போரைத் தொடர்ந்தனர். படை 1921 இல் அங்காராவை நெருங்கும் வரை உள்ளே சென்றது. ஊர்கள் எரிந்தன; இரு பக்கத்திலும் எளியோரே மாண்டனர். ஒப்புதல் தந்த வல்லரசுகள் மெல்லக் கை கழுவின. 1922 ஆகஸ்டில் கிரேக்கப் படை முறிந்தது. செப்டம்பரில் துருக்கிப் படை ஸ்மிர்னாவில் நுழைந்தது; நகரம் தீக்கு இரையானது. துறைமுகக் கரையிலே, பின்னால் நெருப்பு, முன்னால் கடல் என்று பெருந்திரள் மக்கள் நின்றனர்.

1923 சனவரி 30 அன்று லோசான் நகரில் ஓர் உடன்பாடு கையெழுத்தாயிற்று. ஏறத்தாழ 12 இலட்சம் கிறித்தவர் கிரேக்க நாட்டுக்கு. நான்கு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான முசுலிம்கள் துருக்கிக்கு. கட்டாயப் பரிமாற்றம்! பண்டம் மாற்றுவது போல மக்களை மாற்றினர். மொழியைக் கேட்டார்களா? இல்லை. சமயத்தை மட்டுமே கேட்டனர். துருக்கி மொழியன்றி வேறறியாத கிறித்தவர் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். கிரேக்கம் மட்டுமே பேசிய கிரீட் தீவு முசுலிம்கள் துருக்கிக்கு அனுப்பப்பட்டனர். தாய்மொழி பேசிய ஊரிலே அயலான். அயல்மொழி பேசும் ஊரிலே 'தாயகத்தான்'! இஸ்தான்புல் கிரேக்கரும் மேலைத் திரேசு முசுலிம்களும் விலக்குப் பெற்றனர்.

ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பேர் வாழ்ந்த நாட்டுக்குள் பன்னிரண்டு இலட்சம் ஏதிலியர் வந்து சேர்ந்தனர். ஏதென்சின் ஓரத்திலே குடிசை கட்டினர், கம்பளம் நெய்தனர், ஆலைகளில் உழைத்தனர். அவர்களை 'துருக்கிக் குஞ்சுகள்' என்று ஏசியவர்களும் உண்டு. அவர்களை மீட்கவே போர் என்று மேடையில் முழங்கிய அதே நாட்டிலே!

மக்கள் மொழிக்கு ஒன்றரை நூற்றாண்டு

மற்றொரு போரும் நடந்தது. அது மொழிப்போர். புதிய அரசு பள்ளியிலும் மன்றத்திலும் வீற்றிருக்கச் செய்தது, மக்கள் பேசும் மொழியை அன்று. பழைய இலக்கணத்தை ஒட்டிச் செதுக்கிய 'தூய மொழி'யை. வீட்டில் பேசுவது ஒன்று, விண்ணப்பம் எழுதுவது வேறொன்று. உழவன் தன் வழக்கின் தீர்ப்பைத் தானே படித்தறிய இயலாது. 1901 இல் விவிலிய நற்செய்தியை மக்கள் மொழியில் ஒரு நாளிதழ் வெளியிட்டபோது ஏதென்சில் கலவரம் மூண்டு எட்டு உயிர் போயிற்று, அமைச்சரவையும் வீழ்ந்தது. மக்களுக்குப் புரியும்படி எழுதியது குற்றமாம்!

1967 ஏப்ரல் 21 அன்று ஆட்சியைக் கைப்பற்றிய கர்னல்கள் பழம்பெருமையை நாளெல்லாம் பாடினர். தூய மொழியைத் திணித்தனர். உயிரோடிருந்த இசைக்கலைஞர் தியோடராக்கிசின் பாடல்களைத் தடை செய்தனர். செத்த காலத்துக்குச் சிலை, வாழும் கலைஞனுக்குச் சிறை! 1973 நவம்பரில் ஏதென்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் எழுந்தனர். 17 ஆம் நாள் விடியுமுன் பீரங்கி வண்டி வாயிற்கதவை இடித்து நுழைந்தது. ஆனால் அடுத்த சூலையில், சைப்பிரசில் தாம் மூட்டிய தீயிலேயே கர்னல்களின் ஆட்சி கருகிற்று. 1974 டிசம்பரில் மக்கள் வாக்களித்து முடியாட்சியை ஒழித்தனர். 1976 இல் மக்கள் மொழி கல்வி மொழியாயிற்று. முடியும் போயிற்று, மொழிச்சிறையும் உடைந்தது. இரண்டுக்கும் இடையே இரண்டே ஆண்டு. இது தற்செயலா? மக்களை ஆள விடாதவனே மக்கள் மொழியையும் ஆள விடமாட்டான்.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. அறிவும் கலையும் செழித்த ஹெல்லாசில், பெண்களுக்கு முழுமையான வாக்குரிமை கிடைத்தது 1952 இல். கிளைஸ்தனிஸ் தொடங்கிய பணி ஒருவாறு நிறைவுற இரண்டாயிரத்து நானூற்று ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று!

இக்காலத்துக்கு வருவோம். 2001 இல் யூரோ நாணயத்தில் சேர்ந்த நாடு, 2010 இல் கடனில் மூழ்கியது. கடன் தந்தோர் கட்டளையிட்டனர், ஓய்வூதியம் குறைந்தது, 2013 இல் வேலையின்மை 27 விழுக்காட்டை எட்டியது. 2015 சூலை 5 அன்று மக்களிடம் கேட்டனர். நூற்றுக்கு அறுபத்தோரு பேர் 'இல்லை' என்றனர். ஆயினும் சில நாட்களுக்குள் அரசு புதிய நிபந்தனைகளுக்கு இணங்கியது. 2018 ஆகஸ்டில் கடனுதவித் திட்டம் முடிந்தது. சோலோன் ஒழித்தது கடனுக்குத் தனிமனிதன் அடிமையாவதை. கடனுக்கு ஒரு நாடே கட்டுண்பதை ஒழிக்கும் சோலோன் இன்னும் வரவில்லை.

யவனர் நாடு எங்கே என்று கேட்டோம். ஏதென்சின் வடபால் ஒரு புறநகர் உண்டு. 1922 க்குப் பின் வந்த ஏதிலியர் அமைத்தது. பெயர் 'நேயா இயோனியா' - புதிய அயோனியா. தேலிசின் மண் கைவிட்டுப் போயிற்று. அதன் பெயரை மட்டும் மூட்டையோடு சுமந்து வந்து, குடிசைகளுக்கு நடுவே நட்டனர். நிலத்தை மீட்கிறோம் என்ற முழக்கம் மக்களை நிலமிழக்கச் செய்தது. மக்களோ, நிலமிழந்தும் ஒரு நாட்டை மீண்டும் கட்டினர்.

ஆகவே, தோழர்களே, பழைய வரைபடத்தை விரித்துக் காட்டி, இங்கிருந்து அங்கு வரை ஒரு காலத்தில் நம்முடையது என்று எவரேனும் முழங்கினால், கை தட்டுமுன் கேளுங்கள்: அங்கே இன்று வாழ்வோர் யார்? இங்கே இன்று பசித்திருப்போர் யார்? உங்கள் போருக்கு வெள்ளி தோண்டப் போகிறவர் யார்? எரியும் துறைமுகத்தில் நிற்கப் போகிறவர் யார்? விடை சொல்லாதவர்க்கு உங்கள் வாக்கையும் தராதீர்கள், உங்கள் பிள்ளைகளையும் தராதீர்கள்.